சோறு போட்ட வீடும் அரபு படித்த பிள்ளையும்

வெளிநாட்டுக்குப் போய் ஒரு மொழி படிப்பது, அந்த ஊர்க் குடும்பம் ஒன்றோடு தங்குவது, அவர்கள் சமையலறையில் நின்றுகொண்டே பேச்சுப் பழகுவது... இதெல்லாம் ஏதோ அமெரிக்க, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் கண்டுபிடித்த ஏற்பாடு மாதிரி பேசுகிறார்கள். குறிப்பாக அரபு படிக்க. கெய்ரோவில் அமெரிக்க மாணவர்களுக்கென்று 1967-லேயே ஒரு அரபுப் பயிற்சித் திட்டம் தொடங்கியது. சிரியாவில் 2011-ல் சண்டை மூளும்வரை டமாஸ்கஸ் நகரமும் இப்படிப் படிக்க வருபவர்களால் நிறைந்திருந்தது. பிறகு கூட்டம் ஜோர்டான் பக்கம் நகர்ந்தது.

நான் படிப்பது பி.காம். எதைப் பார்த்தாலும் முதலில் வரும் கேள்வி, செலவு யார் கணக்கில் என்பதுதான். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நம் பக்கத்து வரலாற்றைப் பார்த்தால் சுவாரசியமான சங்கதிகள் கிடைக்கின்றன.

முதலில் எங்கள் ஸ்ரீரங்கத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். இங்கே பழைய ஆட்களிடம் 'வாரச் சாப்பாடு' என்று சொல்லிப் பாருங்கள், உடனே புரியும். வெளியூரிலிருந்து படிக்க வந்த ஏழைப் பையனுக்குத் திங்கட்கிழமை ஒரு வீட்டில் சாப்பாடு, செவ்வாய்க்கிழமை இன்னொரு வீட்டில். ஏழு நாளுக்கு ஏழு வீடு பிடித்துவிட்டால் படிப்பு முடியும்வரை வயிற்றுக்குக் கவலையில்லை. ஹாஸ்டல் ஃபீஸ் கிடையாது, மெஸ் பில் கிடையாது. (ஆனால் எந்தக் கிழமை எந்த வீட்டில் ரசம் தண்ணியாக இருக்கும் என்பதெல்லாம் பையனுக்கு அத்துப்படியாக இருந்திருக்கும்.)

திருச்சியில் இருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815-1876) இன்னும் ஒரு படி மேலே. மாணவர்களைத் தன்னோடு வைத்துச் சோறும் போட்டுத் தமிழும் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் படித்தவர்களில் கிறிஸ்தவர் உண்டு, நாகூரைச் சேர்ந்த குலாம் காதிறு நாவலரும் உண்டு. உ.வே.சாமிநாதையர் வந்து சேர்ந்தது பிறகு, 1871-ல், மாயூரத்தில்.

இதே ஏற்பாடு அரபுப் படிப்பிலும் இருந்தது. கேரளத்தில் பள்ளிவாசலில் தங்கி ஓதும் பிள்ளைகளுக்குச் சுற்றியுள்ள வீடுகள்தான் சாப்பாடு. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'செலவு'! கணக்குப் படிக்கிற எனக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துவிட்டது. பொன்னானிதான் இதற்குப் பேர்போன ஊர். அங்கே பெரிய பள்ளியில் தொங்கும் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து ஓதி முடித்தால் அதுவே பட்டம். அந்தப் பள்ளியோடு பெயர் ஒட்டியிருக்கும் முதலாம் ஜைனுத்தீன் மக்தூம் (இறப்பு 1522) கொச்சியில் பிறந்தவர். ஆனால் அவர் குடும்பம் மஅபரிலிருந்து, அதாவது நம் சோழமண்டலக் கரையிலிருந்து போனது. அவரே மக்காவுக்கும் கெய்ரோ அல்-அஸ்ஹருக்கும் போய்ப் படித்துத் திரும்பினார் என்று வரலாறு சொல்கிறது. ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் பாய்மரக் கப்பலில் போய் வெளிநாட்டுப் படிப்பு. விசா இல்லை, ஐ.ஈ.எல்.டி.எஸ். இல்லை, திரும்பி வருவோம் என்ற உத்தரவாதமும் இல்லை.

சரி, தமிழ்நாட்டுக்கு வருவோம். கீழக்கரையில் தைக்கா சாகிபு என்றொரு பெரிய ஆலிம். அவரிடம் ஓத வந்தவர் காயல்பட்டினத்தில் 1816-ல் பிறந்த செய்யிது முகம்மது. ஓதினார், உஸ்தாதுக்குப் பிடித்துப்போனது, தன் மகளையே கட்டிக்கொடுத்துவிட்டார். அதிலிருந்து ஊரே அவரை 'மாப்பிள்ளை லெப்பை ஆலிம்' என்றுதான் கூப்பிட்டது. 1898-ல் இறக்கும்வரை, இறந்த பிறகும், அதே பெயர்தான். காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கத்தில் கல்யாணமானால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து தங்குவார். அதனால் ஓத வந்த பிள்ளை வீட்டு மாப்பிள்ளையானது அங்கே யாருக்கும் விசித்திரமாகத் தெரிந்திருக்காது.

இந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் இலங்கைக்கும் போய்வந்து, இரண்டு கரையிலும் சீடர்களோடு இருந்தவர். அரபியிலும் எழுதினார், அரபுத் தமிழிலும் எழுதினார். அரபுத் தமிழ் என்றால் தமிழ் வார்த்தைகளை அரபு எழுத்தில் எழுதுவது. ப, ட, ண, ங மாதிரி அரபியில் இல்லாத ஒலிகளுக்கு, இருக்கிற எழுத்திலேயே புள்ளியோ குறியோ சேர்த்துப் புது எழுத்து உண்டாக்கினார்கள். குர்ஆன் ஓதுவதற்காக அரபு எழுத்து கற்ற பெண்கள், தமிழ் எழுத்துப் பள்ளிக்கூடம் போகாமலேயே, இந்தப் புத்தகங்களை வீட்டில் உட்கார்ந்து வாசித்தார்கள். எழுத்து அரபு, காதில் விழுவது தமிழ். தைக்கா ஷுஐபு ஆலிம் இதைப் பற்றி 1993-ல் ஒரு பெரிய ஆய்வு நூலே போட்டார்.

வேலூர் கதை வேறு மாதிரி. 1854-ல் ஆக்ராவில் ஃபண்டர் என்ற ஜெர்மானியப் பாதிரியாரோடு பெரிய விவாதம் நடத்தியவர் ரஹ்மத்துல்லாஹ் கைரானவி. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கிலேயரிடமிருந்து தப்பி மக்காவுக்குப் போனார். 1870-களில் அங்கே ஒரு மதரஸா தொடங்கினார். அதற்குப் பணம் கொடுத்தவர் கல்கத்தாவிலிருந்து வந்த சவ்லத்துன்னிசா என்ற பெண்மணி, அதனால் அது 'சவ்லத்தியா' ஆனது. அந்த கைரானவியிடம் மக்காவில் பாடம் கேட்டுத் திரும்பியவர்தான் வேலூரின் ஷா அப்துல் வஹ்ஹாப். ஊர் திரும்பித் தன் வீட்டில் பாடம் சொல்ல ஆரம்பித்தார். அதுவே வளர்ந்து பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் மதரஸா ஆனது. அங்கே முடித்தவர்கள் பெயருக்குப் பின்னால் 'பாகவி' என்று போட்டுக்கொள்வார்கள். குர்ஆனை முழுதாகத் தமிழில் மொழிபெயர்த்து 1949-ல் வெளிவரச் செய்த காரைக்கால் ஆ.கா. அப்துல் ஹமீது பாகவி அந்த வரிசையில் வந்தவர். நம்ம திருச்சியில் 1951-ல் ஜமால் முகமது கல்லூரி வந்த பிறகு, அரபு ஒரு கல்லூரிப் பாடமாக, செமஸ்டர், அரியர் எல்லாவற்றோடும் இங்கேயே கிடைக்க ஆரம்பித்தது.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. மேலே சொன்ன வீடுகள் எல்லாம் சோறு போட்டன, இடம் கொடுத்தன, பெண்ணும் கொடுத்தன. ஆனால் நம் ஊர் வீடுகளில் யாரும் அரபு பேசவில்லை! பையன் காலையில் அரபு இலக்கணம் ஓதிவிட்டு, மத்தியானம் போய் "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துங்க" என்று தமிழில்தான் கேட்டிருப்பான். அரபு அவனுக்குப் புத்தக மொழி.

அரபு நாட்டுக்காரர்களுக்கே அது பாதி புத்தக மொழிதான் என்பது வேறு விஷயம். ஃபெர்குசன் என்ற மொழியியலாளர் 1959-ல் இதைப் பற்றி ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். ஒரே சமூகத்தில் எழுத ஒரு வடிவம், பேச வேறு வடிவம். அதற்கு அவர் காட்டிய நான்கு உதாரணங்களில் அரபு ஒன்று. தமிழனுக்கு இதை விளக்கவே வேண்டாம். "அவர் வந்துகொண்டிருக்கிறார்" என்று வீட்டில் பேசினால் நமக்கே சிரிப்பு வரும். அரபியில் இந்தத் தூரம் இன்னும் அதிகம், ஊருக்கு ஊர் வேறு வேறு. 'எய்ஷ்' என்றால் எகிப்தில் ரொட்டி. குவைத்தில் அதே சொல்லுக்குச் சோறு. புத்தகத்தில் அரிசிக்கு 'அருஸ்' என்றுதான் இருக்கும். அதனால்தான் வெள்ளைக்கார மாணவன் காசு கொடுத்து ஒரு குடும்பத்தோடு தங்குகிறான். வகுப்பில் கிடைக்காத பாதி மொழி அடுப்படியில் கிடைக்கிறது.

அப்படிப் பார்த்தால், அரபுக் குடும்பத்தோடு தங்கி, அடுப்படியில் நின்று அரபு கற்ற தமிழர்கள் உண்மையில் யார்? ஆலிம்கள் இல்லை. வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போன நம் பெண்களும், வீட்டு டிரைவர்களாகப் போன ஆண்களும்தான். திருச்சி, புதுக்கோட்டை, பெரம்பலூர், தஞ்சாவூர்ப் பக்கத்தில் இப்படிப் போகாத ஊர் எது? இவர்களை எந்தப் புத்தகமும் 'அரபு கற்ற தமிழர்' பட்டியலில் சேர்ப்பதில்லை. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. மாணவனாகப் போனவனுக்கு அந்த வீடு விருந்து வீடு. இவர்களுக்கு அதே வீடுதான் வேலையிடம், அதே வீடுதான் ஸ்பான்சர், பல நேரம் பாஸ்போர்ட் இருந்த பூட்டிய அலமாரியும் அங்கேதான். மொழியியலாளர்கள் இவர்கள் பேச்சுக்கு வளைகுடாக் கலப்பு அரபு என்று பெயர் வைத்து ஆராய்கிறார்கள். 'ஃபீ' என்றால் உண்டு, 'மாஃபீ' என்றால் இல்லை. இந்த இரண்டையும் வைத்தே பாதி வாக்கியம் ஓடிவிடும்.

சட்டம் என்ன சொன்னது? இந்தியாவின் குடியேற்றச் சட்டம் 1983-ல் வந்தது. அனுமதி தேவைப்படும் நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும் என்று அரசு விதி வைத்தது. குவைத் தன் பக்கம் 2015-ல்தான் வீட்டுத் தொழிலாளருக்கென்று தனிச் சட்டம் (எண் 68) போட்டது. நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வாரம் ஒரு நாள் லீவு, பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைக்கக்கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. அதற்கு முன்னால் போனவர்களுக்குப் பொதுத் தொழிலாளர் சட்டமும் பொருந்தாது.

எங்கள் பின்தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். 2006-ல் குவைத் போய் 9 வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு வந்தவர். இப்போது இட்லிக் கடை. அரபு இலக்கியம் படிக்கும் நண்பன் ஒருவனை அவரிடம் அழைத்துப் போனேன். அவர் 'ஷ்லோனக்' என்று நலம் விசாரித்தார், அவன் முழித்தான். அவன் செய்தித்தாள் அரபியில் ஒரு வாக்கியம் வாசித்தான், அவர் "இது டிவியில பேசுறது, வீட்ல யாரும் இப்படிப் பேச மாட்டாங்க தம்பி" என்றார். அந்த வீட்டுக் குழந்தைகளோடு தாலாட்டு முதல் சண்டை வரை அரபியிலேயே நடத்தியவர், ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. கீழக்கரைப் பெண்களுக்கு எழுத்து தெரியும், மொழி தெரியாது. இவருக்கு நேர் எதிர்.

போகும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை ஒரு பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக வைத்திருந்தார். அரபியில் இருந்தது, கீழே தமிழில் அவர் கையெழுத்து. இத்தனை வருஷத்தில் அதை யாரும் அவருக்கு வாசித்துக் காட்டியதில்லை. நண்பன் வாசித்தான். அதற்கு மட்டும் அவன் புத்தக அரபு சரியாகப் பயன்பட்டது. தாளில் இருந்த மாதச் சம்பளத்துக்கும் அவர் கைக்கு வந்ததற்கும் 15 தினார் வித்தியாசம். ஒப்பந்தம் 2 வருஷத்துக்கு. 24 மாதம், 15 தினார், மொத்தம் 360 தினார். கணக்கை நான்தான் போட்டேன்.

அக்கா அந்தத் தொகையை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார், அரபியில். பிறகு தாளை மடித்து அதே கவருக்குள் வைத்துவிட்டு, அரிசி ஊறப்போட நேரமாச்சு என்று எழுந்து போய்விட்டார்.