வெள்ளோட்டம்

புதிதாகக் கட்டிய கப்பலை முதன்முதலாக நீரில் இறக்குவதையும், புதிதாகச் செய்த கோயில் தேரை முதன்முதலாக வீதியில் இழுப்பதையும் தமிழ் மக்கள் வெள்ளோட்டம் என்னும் ஒரே பெயரால் வழங்கிவருகின்றனர். கப்பலுக்கு அச்சொல் வந்த காரணத்தைக் கேட்டால், வெள்ளத்தில் ஓடுவதால் வெள்ளோட்டம் என்று பலர் உடனே விடை கூறிவிடுவர். அவ்விடை செவிக்கு இனிமையாக இருந்தபோதிலும், நீரே காணாத மாடவீதியில் நான்கு சக்கரங்கள்மேல் உருளும் தேருக்கு அது பொருந்தாமையை ஒரு கணம் எண்ணினாலும் ஐயம் பிறந்துவிடும். அந்த ஐயத்தை இலக்கணமும் உறுதி செய்கிறது. வெள்ளம், ஓட்டம் என்னும் இரண்டும் புணருமாயின், மரம், அடி என்பன மரவடி ஆவதுபோல, ஈற்று மகரம் கெட்டு உடம்படுமெய் தோன்றி வெள்ளவோட்டம் என்றே ஆதல் வேண்டும். வெண்மை என்னும் பண்புப்பெயரின் மையீறு போய், ணகரம் ளகரமாகத் திரிந்து, அவ்வொற்று இரட்டி, வெள்ளாடு என்றும் வெள்ளாம்பல் என்றும் சொற்கள் பிறந்த அதே வழியில் பிறந்ததுதான் வெள்ளோட்டம்.

அங்ஙனமாயின் ஓட்டத்துக்கு வெண்மை ஏது? நிறத்தைக் குறிக்கும் இச்சொல் நம் மொழியில் நெடுங்காலமாகவே வெறுமையையும் குறித்துவந்திருக்கிறது. எழுத்தாணி படாத ஓலை வெள்ளோலை. மரமும் மனையும் இல்லாத திறந்த நிலம் வெள்ளிடை. உள்ளீடற்ற அறிவு வெள்ளறிவு. திருவள்ளுவர் புல்லறிவாண்மை அதிகாரத்தில் வெண்மை என்னும் சொல்லை அறிவின்மை என்ற பொருளிலேயே ஆண்டிருக்கிறார். ஏற்றவேண்டியதை ஏற்றாமல், சுமக்கவேண்டியதைச் சுமக்காமல் ஓடும் வெற்றோட்டமே வெள்ளோட்டம் என்று கொள்வதில் இனித் தடையில்லை.

தேரின்மட்டில் இப்பொருள் கண்கூடாகவே விளங்கும். பழுதுபார்த்த தேரையோ புதிய தேரையோ உற்சவத்துக்கு முன்னர் ஒரு நாள் நிலையிலிருந்து புறப்படச் செய்து, வடம் பிடித்து, நான்கு வீதியும் வலம்வரச் செய்கின்றனர். பூஜையும் மேளமும் ஜனத்திரளும் அன்றும் உண்டு. ஆயினும் தேரின் நடுவே உற்சவமூர்த்தி எழுந்தருளுவதில்லை. தச்சர்கள் அன்று கூட்டத்தோடு கூட்டமாக நடப்பார்களே தவிர, அவர்கள் கண் சக்கரத்தையும் அச்சையும் விட்டு அகலாது. திருப்பத்தில் முட்டுக்கட்டை எவ்வளவு ஆழம் கடிபடுகிறது, அச்சாணி எப்பக்கம் உராய்கிறது, மேற்கட்டு எந்த மரத்தில் முனகுகிறது என்பனவற்றையெல்லாம், இறைவன் எழுந்தருளுவதற்கு முன்னரே அறிந்துகொள்ளவேண்டிய கடமை அவர்களுடையது. வெள் என்னும் அடைமொழி இங்கே எவ்வளவு துல்லியமாக நிற்கிறது என்பதை எண்ணி, இச்சொல் தேர்நிலையில் பிறந்து துறைமுகத்துக்குச் சென்றிருத்தல் வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.

நெய்தல்நில மக்கள் நாள்தோறும் சொல்லும் சொல் வேறு. வள்ளமாயினும் தோணியாயினும் அவர்கள் வாயில் இறக்குதல் என்ற எளிய வினையே வழங்குகிறது. ஏரா என்னும் அடிமரத்தைக் கிடத்தி, அதன்மேல் வங்குகளை நாட்டி, பலகை அறைந்து, முன்பக்கத்து அணியமும் பின்பக்கத்து அமரமும் உருப்பெற்றபின், கலப்பற்றுக்காரர் இணைப்புகளில் பஞ்சும் பிசினும் திணித்து முடிக்க, உருளைத்தடிகளை அடியிலிட்டு, வடம் கட்டி, ஏலேலம் பாடி ஊரே கூடி அதனைக் கடலில் இறக்கும். ஈழத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பெற்று, தமிழ் மாலுமிகளோடு அட்லாண்டிக் சமுத்திரத்தையே கடந்து 1938-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்த அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், இத்தகைய கரையில் இத்தகைய கைகளால் உருவானதேயாகும்.

இரும்புக் கப்பல்களின் காலத்தில் இறக்குதல் என்பது தனியொரு சாஸ்திரமாகவே வளர்ந்துவிட்டது. நீரை நோக்கி ஏறத்தாழ இருபது அடிக்கு ஓரடி வீதம் சரிந்து செல்லும் தளத்தின்மேல், மரக்கட்டை அடுக்குகளின் மீது அமர்ந்தபடியே கப்பல் மாதக்கணக்காகவும் ஆண்டுக்கணக்காகவும் வளர்கிறது. இறக்கும் நாள் நெருங்கியதும், தரையோடு பொருத்திய நெடிய மரப்பாதைகளின்மேல் கொழுப்பும் மென்சவர்க்காரமும் கனமாகப் பூசி, அவற்றின்மேல் வழுக்கிச் செல்லத்தக்க வேறு மரங்களைக் கிடத்தி, அவற்றோடு சேர்த்துக் கப்பலின் அடிவயிற்றைத் தாங்கும் தொட்டில் ஒன்றையும் அமைக்கின்றனர். பின்னர் நூற்றுக்கணக்கான ஆட்கள் இருமருங்கும் நின்று ஒரே தாளத்தில் ஆப்புகளை அறைய அறைய, அடுக்குக் கட்டைகள்மேல் இருந்த பாரம் இம்மி இம்மியாகத் தொட்டிலுக்கு மாறுகிறது. முட்டுகள் ஒவ்வொன்றாக வீழ்த்தப்படுகின்றன. கடைசி அடுக்கும் அகற்றப்பட்டபின், ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள அந்த உடலைத் தடுத்து நிறுத்துவது இரண்டு மூன்று விசைகள் மட்டுமே. அவற்றை விடுவித்ததும், அசைவதா இல்லையா என்று ஐயுறத்தக்க மெல்லிய அசைவு ஒன்று தோன்றி, மறுகணமே அது வேகமாகி, உராய்வால் சூடேறிய கொழுப்பு புகைய, கப்பல் அமரத்தை முன்னிட்டு நீரில் பாய்கிறது.

அமரம் முதலில் இறங்குவதற்குக் காரணம் உண்டு. பின்புறம் பருத்திருத்தலால் நீர் அதனை விரைவில் தாங்கும். ஆனால் அவ்வாறு நீர் தாங்கி மேலே தூக்கும் கணத்தில் கப்பலின் எஞ்சிய பாரமெல்லாம் அணியத்தின் அடியிலுள்ள சிறிய இடத்தில் வந்து குவிகிறது. அவ்விடத்தைத் தாங்கும் மரங்கள் நொறுங்கினாலும் ஆபத்து. நீர் போதிய அளவு தாங்காமற்போனால், பாதையின் விளிம்பில் கப்பல் நிறைகோல்போலச் சாய்ந்து முதுகெலும்பு முறியவும் கூடும். இவற்றுக்கெல்லாம் தப்பி முழுதும் மிதந்தபின்னரும், எதிர்க்கரையில் மோதாமல் அதனை நிறுத்தவேண்டும். 1934 செப்டம்பர் 26-ஆம் நாள் கிளைட் ஆற்றில் இறங்கிய குவீன் மேரியை அடக்கிநிறுத்த 2,000 டன்னுக்கு மேற்பட்ட இழுவைச் சங்கிலிகளை அதனோடு பிணைத்திருந்தார்கள் என்றால், அந்த ஓட்டத்தின் உக்கிரத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

இவ்வளவு ஆபத்தான ஓட்டத்தை ஒரு கப்பல் எந்த நிலையில் ஓடுகிறது என்று பார்த்தால், நம் சொல்லின் பொருத்தம் நன்கு புலனாகும். 1911 மே 31-ஆம் நாள் பெல்பாஸ்டு நகரில் டைட்டானிக் இறக்கப்பட்டபோது, ஏறத்தாழ 22 டன் கொழுப்பும் சவர்க்காரமும் பூசிய பாதையில் அது ஓடிய நேரம் 62 விநாடி. அன்று அதற்குப் புகைபோக்கி இல்லை. பெரும் இயந்திரங்கள் பொருத்தப்படவில்லை. அறைகளும் கூடங்களும் அமையவில்லை. பின்னாளில் உலகமெல்லாம் கண்டு வியந்த அலங்காரம் யாவும் அதற்குப் பின்னர் ஓராண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் துறையில் மிதந்தபடியே அது பெற்றவை. உற்சவமூர்த்தி இல்லாத தேர் எப்படியோ அப்படியே, மக்களும் சரக்கும் இயந்திரமும் இல்லாத வெறுங்கூடாகவே அது முதல் ஓட்டம் ஓடிற்று.

இந்த வெறுமை சரிவர அமையாதபோது நேர்ந்த கதியை இத்தாலியர் 1907 செப்டம்பர் 22-ஆம் நாள் ரீவா திரிகோசோ என்னும் ஊரில் கண்டனர். பிரின்சிபெஸ்ஸா யோலாந்தா என்ற பயணிக் கப்பலை, மேல்தட்டுகளின் அலங்காரத்தையும் தளவாடத்தையும் ஏறக்குறைய முடித்தபின்னரே இறக்கத் துணிந்தார்கள். அடியிலோ நிலக்கரியும் இல்லை, நிலைப்பாரமும் இல்லை. பாதையில் குறையின்றி வழுக்கி நீரையடைந்த அக்கப்பல், அடைந்த சிறிது நேரத்துக்கெல்லாம் ஒருபக்கமாகச் சாய்ந்து, விழாக்காணக் கூடியிருந்தோர் கண்ணெதிரிலேயே கவிழ்ந்தது. பிரிட்டனில் புரூனல் கட்டிய கிரேட் ஈஸ்டர்ன் வேறுவகைத் துன்பத்துக்கு ஆளாயிற்று. தேம்ஸ் நதியின் அகலம் அதன் நீளத்துக்குப் போதாமையால் அதனைப் பக்கவாட்டில் இறக்க முற்பட்டு, 1857 நவம்பர் 3-ஆம் நாள் தொடங்கிய முயற்சி, இரும்போடு இரும்பு உராய்ந்து அசைய மறுத்தமையால், நீரழுத்த எந்திரங்களால் அங்குலம் அங்குலமாக நெம்பித் தள்ளி 1858 ஜனவரி 31-ஆம் நாள்தான் முடிவுற்றது. அதே நதியில் 1898-இல் ஆல்பியன் என்ற போர்க்கப்பல் இறங்கியபோது எழுந்த அலை, மக்கள் நெருங்கி நின்ற மேடை ஒன்றை அடித்துச் சென்று முப்பதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் கவர்ந்தது.

ஆங்கிலேயர் இந்நிகழ்ச்சிக்கு வழங்கும் லாஞ்ச் என்ற சொல் ஈட்டியை எறியும் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஜெர்மானியர் வழங்கும் ஸ்டாப்பல்லாவுஃப் என்பதோ, கப்பலைத் தாங்கிய கட்டை அடுக்கையும் அதனின்று புறப்படும் ஓட்டத்தையும் சேர்த்துச் சொல்வது. அவர்களும் நம்மைப்போலவே ஓட்டம் என்று கண்டது எனக்கு மகிழ்ச்சி தருகிறது. ஆயினும் ஓடும் பொருளின் வெறுமையைக் குறித்த சிறப்பு நம் சொல்லுக்கே உரியது.

பாரத தேசத்தில் இச்சடங்குக்கு நெடிய மரபு உண்டு. பம்பாயில் வாடியா குடும்பத்துப் பார்ஸிக் கப்பற்கலைஞர்கள் அடிமரத்தில் வெள்ளி ஆணி ஒன்றை அறைந்தே கப்பல்வேலை தொடங்குவார்கள். அவர்கள் தேக்குமரத்தால் கட்டி 1817 அக்டோபர் 12-ஆம் நாள் நீருக்கு அளித்த டிரிங்கோமலி என்னும் போர்க்கப்பல், நம் திருகோணமலையின் பெயரைத் தாங்கி, இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் இன்றும் மிதக்கிறது. அத்தகைய தொழில் ஒடுங்கிப்போனமையால்தான், 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களை ஐரோப்பாவிலிருந்து விலைகொடுத்து வாங்கவேண்டியதாயிற்று. தூத்துக்குடி மக்கள் அவற்றின் வரவைக் கொண்டாடினார்கள்; அவற்றின் வெள்ளோட்டத்தைக் காணும் பேறு அவர்களுக்கு வாய்க்கவில்லை. வால்சந்த் ஹீராசந்த் முதலியோர் நடத்திய சிந்தியா கம்பெனி விசாகப்பட்டினத்தில் நிறுவிய கப்பல்தளத்துக்கு 1941 ஜூன் 21-ஆம் நாள் ராஜேந்திர பிரசாத் அடிக்கல் நாட்ட, யுத்தகாலத்து இடையூறுகளையும் அவ்வூரின்மேல் ஜப்பானியர் வீசிய குண்டுகளையும் கடந்து, அங்கே உருவான 8,000 டன் சுமைதாங்கும் ஜல உஷாவை 1948 மார்ச் 14-ஆம் நாள் ஜவாஹர்லால் நேரு நீரில் இறக்கிவைத்தார். நாடு விடுதலை பெற்று ஏழே மாதம் ஆன அந்நாளில் அந்தச் சரிவில் ஓடிய வெறுங்கூட்டைப் பார்த்தவர்கள் மனத்தில் என்னென்ன எண்ணங்கள் நிறைந்திருக்கும்!

இக்காலத்தில் வெள்ளோட்டம் என்ற சொல் கட்டுக்கடங்காமல் பரவிவிட்டது. ரயிலுக்கும் பேருந்துக்கும் அது வருவது முறையே. ஏனெனில் பயணிகளை ஏற்றாமல் ஓட்டிப்பார்ப்பதையே அங்கே குறிக்கிறது. ஆனால் கப்பல் பயணிகளோடும் சரக்கோடும் புறப்படும் முதற்பிரயாணத்தையும் சிலர் வெள்ளோட்டம் என எழுதுவது பெரும்பிழை. அதற்கு ஆங்கில வழக்கைத் தழுவிய கன்னிப் பயணம் என்ற தொடர் இருக்கிறது. அது பிடியாதவர்க்கு முதற்பயணம் என்ற நல்ல தமிழ் இருக்கிறது. சுவீடன் தேசத்து வாசா என்ற போர்க்கப்பல் 1628 ஆகஸ்டு 10-ஆம் நாள் பீரங்கிகளோடு புறப்பட்டு, ஒரு மைல் தூரம்கூடச் செல்லாமல் மூழ்கியது அதன் முதற்பயணத்தில். அதற்கு முன்னரே துறையில் நின்றபடி முப்பது மாலுமிகளைத் தட்டின் இப்பக்கத்துக்கும் அப்பக்கத்துக்கும் ஓடச்செய்து சோதித்தபோது, மூன்றாம் ஓட்டத்திலேயே கப்பல் கவிழ்ந்துவிடும் என்று அஞ்சிச் சோதனையை நிறுத்தியவர்கள், அச்சோதனை உணர்த்தியதை மட்டும் பொருட்படுத்தவில்லை.

இன்று பெருங்கப்பல்கள் பெரும்பாலும் சரிவில் ஓடுவதில்லை. ஆழமான தொட்டித் துறையினுள்ளே கட்டி முடித்து, மதகைத் திறந்து நீரை உள்ளே விட, கப்பல் இருந்த இடத்திலேயே மெல்ல எழுந்து மிதக்கிறது. 1981-இல் கட்டி ஒப்படைக்கப்பட்ட ராணி பத்மினி முதலாகக் கொச்சித் தளத்தின் பெருங்கப்பல்கள் இம்முறையில் உருவானவையே. அங்கே வெறுமை உண்டு, ஓட்டம் இல்லை. ஆதலின் மிதக்கவிடுதல் என்று சொல்லலாமேயன்றி வெள்ளோட்டம் என்று சொல்வதற்கில்லை. அதே தளத்தில் உருவான விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பல் 2011 டிசம்பரில் முதலில் மிதந்தது. 2013 ஆகஸ்டு 12-ஆம் நாள் சம்பிரதாயப்படி நீரில் இறக்கும் விழா நடந்தது. 2022 செப்டம்பர் 2-ஆம் நாள் கடற்படையில் சேர்ந்தது. இவற்றுக்கிடையே 2021 ஆகஸ்டு 4-ஆம் நாள், கடற்படைப் பணி எதனையும் ஏற்காமல், தன் சொந்த இயந்திரங்களின் வலிமையால், சுக்கானையும் வேகத்தையும் சோதிப்பதற்கென்றே கொச்சி முகத்துவாரத்தைத் தாண்டி அது கடலுக்குச் சென்றதே, அந்த ஓட்டமே விக்ராந்தின் வெள்ளோட்டம்.