மலையாளம் புரியுது, பேச வரலையா? இப்படிப் பயிற்சி செய்யுங்க

திருவனந்தபுரத்தில் வேலைக்கு வரும் தமிழர்களுக்கு ஒரு வசதி உண்டு. சிக்கலும் அதுதான். தம்பானூரில் நாகர்கோவில் பஸ் எங்கே நிற்கும் என்று தமிழில் கேட்டாலே பதில் கிடைச்சிடும். அதனால் வருஷக்கணக்கில் இருந்தும் வாய் திறக்கவே தேவை வராது. ஆபீஸ் மீட்டிங், வாடகைப் பேச்சு, மருத்துவமனை என்று வரும்போதுதான் இடிக்கும்.

புரிவது ஏன் போதாது?

கேட்கும்போது பாதியை ஊகிக்கலாம். பேசும்போது ஒவ்வொரு சொல்லையும் நீங்களே தேடணும். நெருங்கிய மொழி என்பதால் பொறியும் உண்டு. மலையாளத்தில் ‘வெள்ளம்’ குடிக்கும் தண்ணீர். ‘அவசரம்’ என்றால் வாய்ப்பு.

பயிற்சியை எப்படி அமைப்பது?

1979 முதல் 1984 வரை என்.எஸ்.பிரபு பெங்களூரு, சென்னை உள்ளிட்ட இடங்களின் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்க ஒரு புதிய திட்டத்தை நடத்தினார். இலக்கணப் பட்டியலுக்குப் பதில் ரயில் அட்டவணை, வரைபடம் போன்றவற்றை வைத்துச் சிக்கலைத் தீர்க்கச் சொன்னார்கள். அந்த வகுப்புகள் மாணவர்களைப் பேசக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அவர் பிரித்த மூன்று ‘இடைவெளி’கள் பேச்சுப் பயிற்சிக்கும் பொருந்தும். இரண்டு பேர் போதும்:

• தகவல்: ஒருவரிடம் ரயில் நேரம், மற்றவரிடம் பஸ் நேரம். காட்டக் கூடாது, கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்.
• தர்க்கம்: காலை 10 மணிக்குக் கொல்லத்தில் மீட்டிங். எதில் கிளம்பலாம், ஏன்?
• கருத்து: வீடு கழக்கூட்டத்திலா, நகருக்குள்ளா? சரியான விடை கிடையாது, காரணம் சொல்லணும்.

கவனிக்க வேண்டியவை

• தொடங்கும் முன் 2 நிமிடம் யோசிக்க விடுங்க.
• ஒரே விஷயத்தை வேறுவேறு ஆட்களிடம் 4, 3, 2 நிமிடங்களில் சொல்லுங்க. திரும்பச் சொல்லும்போதுதான் தடுமாற்றம் குறையும்.
• பேச்சின் நடுவே திருத்த வேண்டாம். முடிந்ததும் இரண்டு, மூன்று தவறுகள் போதும்.
• ‘ஒண்ணுகூடி பறயாமோ?’ (இன்னொரு தடவை சொல்ல முடியுமா?) போன்ற வாக்கியங்களை முதலிலேயே பழகுங்க. சிக்கினாலும் பேச்சு அறுந்து போகாது.

வகுப்பு உண்டா?

புலம்பெயர் தொழிலாளர்களுக்காகக் கேரள எழுத்தறிவு இயக்கம் 2017-இல் ‘சங்ஙாதி’ திட்டத்தைத் தொடங்கியது. பாடநூல் ‘ஹமாரி மலையாளம்’. அது இந்தி வழியாகக் கற்பிக்கிறது. தமிழருக்கு அந்தச் சுற்றுவழி வேண்டாம். பாதிச் சொற்கள் ஏற்கெனவே கையில் இருக்கு.

அடுத்த முறை தம்பானூர் விசாரணைக் கவுண்டரில் மலையாளத்தில் கேளுங்க. பதில் தமிழில் வந்தாலும் மலையாளத்திலேயே தொடருங்க. கடினமான படி அதுதான்.