பெர்சி துரோவர்: திரையில் தோன்றிய தோட்டக்காரர்

இங்கிலாந்தின் பெருமாளிகைகளில் தோட்டக்காரர் மகன் தோட்டக்காரனாவது வழக்கம். பக்கிங்ஹாம்ஷயர் வட்டாரத்திலுள்ள ஹார்வுட் ஹவுஸ் மாளிகையின் தலைமைத் தோட்டக்காரருக்கு 1913-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் பிறந்த பெர்சி துரோவரும், பள்ளியை விட்டதும் தந்தையின் கீழேயே வேலைக்கமர்ந்தார். 1931-இல் விண்ட்சர் அரண்மனைத் தோட்டத்திற் சேர்ந்து, பின்னாளில் அங்கிருந்த தலைமைத் தோட்டக்காரரின் மகளையே மணந்தார். லீட்ஸ், டார்பி நகரப் பூங்காக்களில் உழைத்தபின், 1946-இல் ஷுரூஸ்பரி நகரப் பூங்காக்களின் கண்காணிப்பாளரானார். நாடறிந்த மனிதரான பின்னரும் 1974 வரை அவர் அந்நகராட்சியின் ஊழியரே.

தொலைக்காட்சியில் தோட்டப் பாடத்தை முதலில் தொடங்கியவர் அவரல்லர். 1936-இலேயே மிடில்டன் என்பார் அலெக்சாண்ட்ரா மாளிகைத் திடலில் தோட்டமிட்டுக் காட்டியிருந்தார். எனினும், வீடுதோறும் தொலைக்காட்சிப் பெட்டி பரவிய காலத்தில் அப்பணி துரோவரிடம் வந்தது. 1956-இல் பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகம் 'கார்டனிங் கிளப்' என்னும் நிகழ்ச்சியை அவர் பொறுப்பில் விட்டது.

அக்காலத்தில் பாத்தி போட்டதும் படப்பிடிப்புக் கூடத்திற்குள்ளேதான். மண்ணும் செடியும் அங்கே கொண்டுவரப்பட்டன. படமோ கறுப்பு வெள்ளை. ரோஜாவின் சிவப்பைச் சொல்லால் மட்டுமே உணர்த்த வேண்டும். வெள்ளைச் சுண்ணக்கட்டியால் கரும்பலகையிற் பூவரைந்து பாடம் நடத்திய ஆசிரியர்க்கு இத்தொல்லை நன்கு விளங்கும். துரோவர் பெரிய சொற்களை நாடவில்லை. கிளையை எங்கே வெட்டுவது, விதையை எவ்வளவு ஆழத்தில் ஊன்றுவது என்று செய்துகொண்டே பேசினார். நூல்களிலும் அதே நடைதான். கல்லூரிப் பட்டம் பெறாத அம்மனிதருக்கு அரச தோட்டக்கலைச் சங்கம் 1974-இல் தன் உயர்விருதாகிய விக்டோரியா பதக்கத்தை அளித்தது.

1969 முதல் 'கார்டனர்ஸ் வேர்ல்டு' நிகழ்ச்சியை நடத்தினார். ஷுரூஸ்பரிக்கருகே தாமே உருவாக்கிய 'மக்னோலியாஸ்' வீட்டுத் தோட்டத்தை வண்ணத்திலே மக்கள் கண்டனர்.

பிணக்கு 1976-இல் வந்தது. தோட்டத்திற்கான இரசாயனப் பொருள்களை விற்ற ஐ.சி.ஐ. நிறுவனத்திற்காக வணிகத் தொலைக்காட்சி விளம்பரங்களில் தோன்ற அவர் இசைந்தார். விளம்பரமே இல்லாத கழகம் அவரை அந்நிகழ்ச்சியினின்று விலக்கிற்று. கழகத்தின் கட்டுப்பாட்டில் நியாயமுண்டு: எந்த மருந்தைத் தெளிக்கலாம் என்று பொதுமக்களுக்குச் சொல்பவர், அம்மருந்தை விற்பவரிடம் பணம் பெற்றால் அவர் சொல்லை எப்படி நம்புவது? ஆனால், இருபதாண்டு உழைப்புக்குப்பின் அறுபது கடந்தவரை அப்படி அனுப்பியது சற்றுக் கடுமையே. வேடிக்கை என்னவெனில், அதே கழகத்தின் சிறுவர் நிகழ்ச்சியாகிய 'புளூ பீட்டர்' அவரை விடவில்லை. அதற்காக 1974-இல் அவர் அமைத்த தோட்டத்தை 1983-இல் யாரோ புகுந்து நாசமாக்கியபோது, நாடே வருந்தியது.

1988 மார்ச் 18-ஆம் நாள் காலமானார். அதற்கு ஒரு வாரத்திற்கு முன், மருத்துவமனையிலிருந்தே, அச்சிறுவர் நிகழ்ச்சிக்கான கடைசிப் பேச்சைப் பதிவு செய்து கொடுத்திருந்தார்.