ஏழு கிணறு முதல் தண்ணீர் ரயில் வரை

நம் சென்னைக்குக் குடிநீர் எங்கிருந்தெல்லாம் வந்திருக்கிறது என்று வரிசையாகப் பாருங்கள்.

1772-ல் கோட்டைக்குத் தண்ணீர் கொடுக்க, அதற்கு வடக்கே ஏழு கிணறுகள் வெட்டினார்கள். அந்தப் பகுதிக்கு இன்றும் அதே பெயர்தான். ஊர் பெருகியது. 1872-ல் கொசஸ்தலை ஆற்றைத் தாமரைப்பாக்கத்தில் தடுத்து, செங்குன்றம் ஏரி வழியாகத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதுவும் போதவில்லை. மேயராக இருந்த சத்தியமூர்த்தி முயற்சி எடுத்த பூண்டி நீர்த்தேக்கம் 1944-ல் முடிந்தது. அதைப் பார்க்க அவர் உயிருடன் இல்லை. 1996-ல் ஆந்திரத்திலிருந்து கிருஷ்ணா நீர், 2004-ல் 200 கிலோமீட்டருக்கு மேல் குழாய் வழியாக வீராணம் நீர், 2010-ல் மீஞ்சூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை.

இத்தனை இருந்தும், 2018 பருவமழை பொய்த்ததும் 2019 கோடையில் ஏரிகள் வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் ரயிலில் வந்தது. 2015 டிசம்பரில் வெள்ளத்தில் தத்தளித்ததும் இதே ஊர்தான்! பருவநிலை மாற மாற, மழை சில நாட்களில் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது. பெய்கிற அன்றே பிடித்து வைக்காவிட்டால் அது சாக்கடை வழியாகக் கடலுக்குத்தான்.

எங்கேயும் தூரம் போகாத திட்டம் ஒன்றே ஒன்று. 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கிய மழைநீர் சேகரிப்பு. அதைப் பராமரிப்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

வங்கியில் கணக்கு எழுதிய பழக்கத்தில் ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒரு சதுர மீட்டர் மாடியில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,400 மி.மீ. பெய்கிறது. 100 சதுர மீட்டர் மொட்டை மாடிக்கு 1,40,000 லிட்டர். அதில் 60 சதவீதம் மண்ணில் இறங்கினாலே 84,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி ஏழு. போர்வெல்லிலிருந்து தினமும் எடுக்கிறோம். திருப்பிப் போட வேண்டாமா?

உங்கள் பிளாக்கில் உள்ள மழைநீர்க் குழியைக் கடைசியாக எப்போது திறந்தார்கள் என்று விசாரியுங்கள். வண்டலும் பிளாஸ்டிக்கும் அடைத்த குழியில் தண்ணீர் இறங்காது. ஐப்பசி மழைக்கு முன் மாடியைப் பெருக்கி, குழிகளைத் தூர்வாரி, ஜல்லியைக் கழுவிப் போட வேண்டும். அடுத்த சங்கக் கூட்டத்தில் இதற்குத் தேதி குறிப்போம். தவறாமல் வாருங்கள்.