பேத்தியின் சட்டையும் நாஞ்சில் நாட்டுக் குப்பாயமும்

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் ஜெயங்கொண்டத்தில் நம் வீட்டுக் காதுகுத்து. என் மகள்வழிப் பேத்தி அவளே தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். அவள் தாத்தாவின் பழைய வெள்ளைச் சட்டைதான் அது. கையை வெட்டி, என்னுடைய பழைய சேலைக் கரையை வைத்து இணைத்திருந்தாள். முதுகில் கறுப்பு நூலால் ஒரு பெரிய காக்கை. காஜாவெல்லாம் சிவப்பு நூல். என் தையல் மெஷினில் இரண்டு மாதமாக உட்கார்ந்து பழகியதன் பலன். பந்தியிலேயே பேச்சு ஆரம்பித்துவிட்டது. "சபைக்கு வர்ற துணியா இது?" என்றார் ஒரு பெரியவர். குடும்ப வாட்ஸப் குழுவில் இரண்டு நாள் அதே பேச்சு. ஒருவர் தோள்சீலைப் போராட்டத்தையும் இழுத்து, "அந்தக் காலத்துப் பொம்பளைங்க உடம்பை மறைக்கப் போராடினாங்க, நீங்க சட்டையோட கையை வெட்டறீங்க" என்று எழுதினார்.

அந்த வரிதான் என்னை எழுத உட்காரவைத்தது. அந்தப் போராட்டம் வெறுமனே உடம்பை மறைப்பதற்காக மட்டும் நடந்ததில்லை.

முதலில் ஒன்று. எல்லோரும் பகிரும் நங்கேலி கதை சேர்த்தலைப் பக்கத்து வாய்மொழிக் கதை. நான் சொல்லப்போவது நாஞ்சில் நாட்டில் நடந்தது, அரசாணைகளும் தேதிகளும் உள்ளது. இரண்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்றுதான் நம் மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்கு முன் திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. அங்கே யார் எதை உடுத்தலாம் என்பதற்குச் சாதிவாரியாக வழக்கம் இருந்தது. மேலே இருப்பவர் முன் கீழே இருப்பவர் மார்புத் துணியை எடுத்துவிட வேண்டும், அதுதான் மரியாதை. நாயர் பெண்களுக்கும் நம்பூதிரிகள் முன் இதே கதிதான். ஆனால் நாடார் பெண்களும் (அக்கால ஆவணங்களில் சாணார்) அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டவர்களும் எப்போதுமே தோளில் துணி போடக் கூடாது. ஆக அந்த ஒரு முழத் துணி உடம்பை மூடுவதற்கு மட்டுமல்ல, இவள் யார் என்று தெருவுக்கே சொல்லும் பலகையாகவும் இருந்தது.

1812-இல் கர்னல் மன்றோ, கிறிஸ்தவம் தழுவிய பெண்கள் மேலுடம்பை மூடலாம் என்று உத்தரவிட்டார். எதிர்ப்பு வந்ததும் அது திரும்பப் பெறப்பட்டது. 1814-இல் அரசு வேறு வழி சொன்னது. சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிள்ளைப் பெண்களும் போடுகிற குப்பாயம் என்னும் குட்டைச் சட்டையைப் போட்டுக்கொள்ளலாம், மேல்சாதிப் பெண்களைப் போலத் தோளில் சீலை போடக் கூடாது என்றது.

குப்பாயம் வெட்டித் தைக்க வேண்டிய உடை. ஊசியும் கத்தரியும் தெரிந்தால்தான் ஆகும். இந்தக் காலத்தில்தான் லண்டன் மிஷனைச் சேர்ந்த மீட், மால்ட் தம்பதியர் அங்கே வந்தார்கள். 1819-இல் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியது. இன்றைக்கு டதி பள்ளி என்று இருப்பது அதுதான். எழுத்தோடு தையலும் சொல்லிக்கொடுத்தார்கள். மார்த்தா மால்ட் அம்மையார் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைப் பெண்கள் லேஸ் பின்னிச் சம்பாதித்த காசில் தங்களையே விலைகொடுத்து மீட்டுக்கொண்டதாக மிஷன் வரலாற்றில் சொல்வார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855 வரை இருந்தது என்பதை நினைத்துக்கொண்டு இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள்.

மிஷன் அம்மையார்கள் தளர்வான, குட்டைக் கை வைத்த ரவிக்கை ஒன்றுக்கு மாதிரி கொடுத்தார்கள். பெண்கள் தைத்துப் போட்டார்கள். அதோடு நிறுத்தியிருந்தால் இவ்வளவு கலவரம் வந்திராது. ஆனால் அந்தச் சட்டைக்கு மேலே, கூடாது என்று சொல்லியிருந்த அதே தோள்சீலையையும் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள்! உடம்பை மூடச் சட்டை போதுமே, சீலை எதற்கு? பிடித்திருந்தது, எங்களுக்கும் உரிமை உண்டு என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

1822-இல் தொடங்கி சந்தையிலும் சாலையிலும் துணி கிழிக்கப்பட்டது. பள்ளிக்கூடங்களுக்குத் தீ வைத்தார்கள். 1829 பிப்ரவரியில் ராணி கௌரி பார்வதி பாய் வெளியிட்ட பிரகடனம் சட்டைக்குச் சரி, சீலைக்கு இல்லை என்று பழையபடியே சொன்னது. பெண்கள் கேட்கவில்லை. 1858-59-இல் மறுபடியும் பெரிய கலவரம். சென்னை கவர்னர் டிரெவெலியன் நெருக்கிய பிறகு, 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜா பிரகடனம் வெளியிட்டார். நாடார் பெண்கள் எல்லோரும் சட்டை போடலாம்; மீனவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம்; வேறு எப்படி வேண்டுமானாலும் மார்பை மூடலாம்; ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது!

வகுப்பில் நான் கேட்பதுபோல இங்கேயும் கேட்கிறேன். மூடுவதுதான் பிரச்சினை என்றால் அந்தக் கடைசி வரி எதற்கு?

இதெல்லாம் மலையாள நாட்டுச் சங்கதி என்று தள்ள வேண்டாம். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் சீமையில் ஆதிதிராவிடர்களுக்கு விதித்த எட்டுத் தடைகளில், பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போடக் கூடாது என்பதும் ஒன்று. நம் பக்கத்திலும் என் அப்பாயி கடைசிவரை ரவிக்கை போட்டதில்லை. அவருக்கு அது பழக்கம், யாரும் கட்டாயப்படுத்தவில்லை. "இறுக்குதுடி" என்பார். யாருக்கு அது பழக்கம், யாருக்கு அது தண்டனை என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். சி.பி.எஸ்.இ. ஒன்பதாம் வகுப்புப் பாடத்திலிருந்து இந்தப் பகுதியை 2016-இல் நீக்கியதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

இனி, என்னைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும்.

பயிற்சிப் பள்ளியில் தையல் மாதிரி நோட்டு போட்டவள் நான். ஓட்டுத் தையல், சங்கிலித் தையல், காஜா எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண். வேலைக்கு வந்து சில வருடம் ஆனபின், எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இலவசச் சீருடைச் சட்டையின் காலரில் சின்னதாக ஒரு நீலப் பூ போட்டுக்கொண்டு வந்தாள். நான் சொல்லிக்கொடுத்த சங்கிலித் தையல்தான், ஒரு கண்ணிகூடப் பிசகவில்லை. "சீருடையில் இதென்ன அலங்காரம்?" என்று வரிசையில் நிற்கவைத்து, பிளேடைக் கொடுத்து அவளையே பிரிக்கச் சொன்னேன். பிரித்தாள். அழவில்லை. அந்த வருடம் முழுக்க அந்தக் காலரில் பூ இருந்த இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. ஒழுங்கு என்று அன்று நினைத்தேன். சபைக்கு வர்ற துணியா என்று கேட்டவரை இன்று குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காதுகுத்து வீட்டிலும் நான் பேத்திக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். அவள்தான் பஸ்ஸில், "அம்மாயி, உங்களுக்கும் பிடிக்கலையா?" என்று கேட்டாள்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது ஐம்பதை நெருங்கும். பெயரை எழுதவில்லை. ஆனால் உன் ஊரும் பெயரும் எனக்கு நினைவிருக்கிறது அம்மா. இதைப் படித்தால் மன்னித்துக்கொள். வீட்டுக்கு வந்தால் நூல் பெட்டி இருக்கிறது, நீலமும் இருக்கிறது. பேத்தி அடுத்து குப்பாயம் ஒன்று தைக்க வேண்டும் என்கிறாள். நேற்று இரவு பழைய தினத்தந்தித் தாளில் அளவு வெட்டிக் கொடுத்தேன். கழுத்து கொஞ்சம் அகலமாகிவிட்டது, மறுபடியும் வெட்ட வேண்டும்.