காணொளிப் பதிவிறக்கம் (மலைப்பகுதிக் கல்வி)

காணொளிப் பதிவிறக்கம் என்பது படத்தை இணையத்தில் ஓடவிட்டுப் பார்க்காமல், முழுக் கோப்பையும் கருவியில் இறக்கி வைத்துக்கொண்டு பிறகு பார்ப்பது. நெட் கிடைக்கும் இடமும் உட்கார்ந்து பார்க்கும் இடமும் வேறாக இருப்பவர்களுக்கே இதன் அருமை தெரியும். கோவை நகருக்குள் இரண்டு முறைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறை எஸ்டேட்டுகளுக்கோ, திம்பம் தாண்டித் தாளவாடிப் பக்கமோ போனால், ஒரு திருப்பத்தில் வரும் டவர் அடுத்த திருப்பத்தில் காணாமல் போகும்.

ஓடவிட்டுப் பார்க்கும்போது படம் சில நொடித் துண்டுகளாக வந்து சேர்கிறது. அடுத்த துண்டு வரத் தாமதமானால் திரையில் வட்டம் சுற்றும். வேகம் குறைந்தால் படம் மங்கும். கரும்பலகையில் ஆசிரியர் எழுதும் சமன்பாடு அந்த மங்கலில்தான் முதலில் அழியும். பதிவிறக்கத்தில் வேகம் குறைந்தால் நேரம் கூடுமே தவிரத் தரம் குறையாது. வழியில் இணைப்பு அறுந்தாலும், வழங்கி அனுமதித்தால், விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்.

கணக்கும் இதற்குச் சாதகம். நொடிக்கு 500 கிலோபிட் வீதம் பதிவான அரை மணி நேரப் பாடம் சுமார் 112 எம்பி. 40 பாடங்கள் 4.5 ஜிபி. 50 மாணவர்கள் தனித்தனியே ஓடவிட்டுப் பார்த்தால் 225 ஜிபி செலவாகும். பள்ளி ஒருமுறை இறக்கி நகலெடுத்துக் கொடுத்தால் அதே 4.5 ஜிபியோடு முடிந்தது. மறுபடி பார்க்கவும் நெட் பேக் தேவையில்லை. இதைப் பழைய முறை என்று ஒதுக்குவது டவருக்குக் கீழே குடியிருப்பவர்களின் பேச்சு.

தமிழ்நாட்டில் இது பெரிய அளவில் நடந்தது கொரோனா காலத்தில். 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, பள்ளிகள் மூடப்பட்டபின் பாடங்களை ஒளிபரப்பியது. 2020 ஜூலையில் 12-ஆம் வகுப்பு மாணவர்களுக்கென இன்னொரு ஏற்பாடும் வந்தது. விலையில்லா மடிக்கணினியுடன் பள்ளிக்கு வந்து, உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் காணொளிப் பாடங்களை ஏற்றிக்கொண்டு வீடு திரும்ப முடிந்தது. 2011-இல் தொடங்கிய மடிக்கணினித் திட்டம் இல்லையென்றால் இதற்கு வழியே இருந்திருக்காது. கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லை. தொலைக்காட்சியும் வீட்டிலிருந்த செல்போனுமே கதி.

அதற்கு முன்பே, 2018-இல் வந்த புதிய பாடநூல்களின் க்யூஆர் குறியீடுகள் வழியே தீக்‌ஷா செயலியில் பாடங்களை இறக்கி வைத்து, நெட் இல்லாமலே பார்க்க முடிந்தது. பொழுதுபோக்குத் தளங்களும் இந்தத் தேவையை உணர்ந்தன: யூடியூப் 2014 டிசம்பரில் இந்தியாவிலும், நெட்ஃபிளிக்ஸ் 2016 நவம்பரில் உலகெங்கும் பதிவிறக்க வசதியைத் தந்தன. ஆனால் அங்கே இறங்குவது பூட்டுப் போட்ட கோப்பு. அந்தச் செயலிக்குள் மட்டுமே ஓடும், கெடு முடிந்தால் ஓடாது. பென்டிரைவில் போட்டுப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது.

பூட்டில்லாத கோப்புக்கும் குறைகள் உண்டு. பழைய ஃபேட்32 முறையில் அமைந்த பென்டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது. நீண்ட பதிவுகளைப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும். யார் எவ்வளவு பார்த்தார்கள் என்ற கணக்கு அனுப்பியவருக்குக் கிடைக்காது. பாடத்தில் பிழை திருத்தினாலும், ஏற்கெனவே மலையேறிய நகல்களில் பழைய பிழை அப்படியே இருக்கும். திருத்திய கோப்பை மறுபடி கொண்டுபோய்த்தான் மாற்ற வேண்டும்.