றிம்முக்குக் கீழே ஒரு சட்டம்: லோரைடர் கார்களின் கதை

டொக்டர் ட்ரேயின் ‘ஸ்டில் டி.ஆர்.ஈ.’ பாட்டு வீடியோவை எங்கட வயதில பாக்காத ஆக்கள் குறைவு. 1999இல் வந்தது. அதில பழைய அமெரிக்கக் கார்கள் றோட்டில முன்பக்கத்தைத் தூக்கித் தூக்கித் துள்ளும். முதல் தடவை பார்த்தபோது அது கொம்பியூட்டர் வேலை எண்டுதான் நினைச்சன். இல்லை, உண்மையாகவே துள்ளுகிற கார்கள். அவற்றுக்கு லோரைடர் எண்டு பேர். நிலத்தோட பதிஞ்சு ஓடுற கார் எண்டு அர்த்தம்.

இங்கதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பதிந்து ஓடுவதற்கெண்டே செய்த காருக்கு எழும்பித் துள்ள வேண்டிய தேவை என்ன? தேடிக்கொண்டு போனால் விடை பாட்டிலோ ஸ்டைலிலோ இல்லை. 1958இல் கலிபோர்னியாவில் வந்த ஒரு வீதிச் சட்டத்தில் இருக்கிறது. அந்தச் சட்டம் அளந்தது சில அங்குல இடைவெளியை. ஆனால் அந்தச் சில அங்குலத்துக்காக ஒரு சமூகம் 65 வருசம் பொலிசோட இழுபட்டிருக்கிறது.

கதைக்குப் போக முதல் சில்லுக் கணக்கைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேணும்.

எந்தக் காரிலும் ரயருக்கும் மட்காட்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி விட்டிருப்பார்கள். அது சும்மா விட்டதில்லை. பள்ளத்தில் விழும்போது ஸ்பிரிங் அமுங்கிச் சில்லு மேலே வரும். ஸ்டியரிங்கை முழுக்க வெட்டும்போது முன்சில்லின் ஓரம் வெளியே தள்ளும். ஐந்து பேர் ஏறினால் பின்பக்கம் இறங்கும். இந்த மூன்றும் ஒரே நேரத்தில் நடந்தாலும் ரயர் தகரத்தில் முட்டக்கூடாது. ஆகவே கம்பனிச் சில்லைக் கழற்றி வேறு சில்லு போடுகிறவர் நாலு விசயம் பார்க்கவேணும்: ரயரின் முழு உயரம், அதன் அகலம், காரின் உயரம், நாலாவது ஓப்செற். ஓப்செற் எண்டால், சில்லில் போல்ட் பூட்டுகிற முகம் றிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது. அந்த முகம் வெளிப்பக்கமாக இருந்தால் சில்லு உள்ளே போகும். மிஞ்சினால் சஸ்பென்ஷனில் முட்டும். உள்பக்கமாக இருந்தால் சில்லு வெளியே வரும். மிஞ்சினால் மட்காட்டில் முட்டும். கணக்குப் பிழைத்தால் வளைவில் திரும்பும்போது ‘கர்ர்’ எண்டு சத்தம் கேட்கும். அதையும் கவனிக்காமல் ஓடினால் ரயரின் தோள் தேய்ந்து உள்நூல் தெரியும்.

காரை இறக்கினால் இந்த இடைவெளிதான் முதலில் போகும். அப்படியெண்டால் ஏன் இறக்கினார்கள்?

1848இல் அமெரிக்க–மெக்சிக்கப் போர் முடிந்தபோது கலிபோர்னியா அமெரிக்காவின் கைக்குப் போனது. ஏற்கெனவே அங்கே இருந்த மெக்சிக்கர்களும், பிறகு வேலை தேடி வந்தவர்களும் அந்த மண்ணிலேயே இரண்டாந்தர ஆட்களானார்கள். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் லட்சக்கணக்கான மெக்சிக்க வம்சாவளியினர் மெக்சிகோவுக்கு அனுப்பப்பட்டார்கள்; அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர்களும் அதில் அடக்கம். 1943 ஜூனில் லொஸ் ஏஞ்சல்ஸ் வீதிகளில் கடற்படைச் சிப்பாய்கள் கூட்டமாக இறங்கி, ‘சூட் சூட்’ எனப்பட்ட தொளதொளத்த உடுப்புப் போட்ட இளைஞர்களைத் தேடித் தேடி அடித்து உடுப்பைக் கிழித்தார்கள். பொலிஸ் நூற்றுக்கணக்கில் பிடித்துக்கொண்டு போனது அடிவாங்கிய மெக்சிக்கப் பொடியன்களைத்தான். நகரசபை அந்த உடுப்பைத் தடைசெய்யவேணும் எண்டு தீர்மானமும் எடுத்தது. அடித்தவனை விட்டுவிட்டு உடுப்பைக் குற்றவாளி ஆக்கின கதை. இதை ஞாபகத்தில வைச்சிருங்கோ, காருக்கும் பிறகு இதேதான் நடக்கும்.

இரண்டாம் உலகப்போர் முடிய, அமெரிக்கப் படையில் சண்டை பிடித்த மெக்சிக்க வம்சாவளி இளைஞர்கள் வீடு திரும்பினார்கள். கையில் கொஞ்சம் காசு இருந்தது. புதுக் கார் வாங்கக் காணாது. பழைய ஷெவ்ரொலே வாங்கலாம். அதே காலத்தில் கலிபோர்னியா முழுக்க வேகத்தின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. கிழக்கு லொஸ் ஏஞ்சல்ஸ், போயில் ஹைட்ஸ் பகுதிகளின் ஊடாக அதிவேக நெடுஞ்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெட்டப்பட்டன. இடிபட்டவை பெரும்பாலும் ஏழைகளின், மெக்சிக்க வம்சாவளியினரின் வீடுகள். வெள்ளைக்கார இளைஞர்கள் ஹொட் றொட் கார்களின் பின்பக்கத்தைத் தூக்கி, எஞ்சினை முறுக்கி ஓட்டப்பந்தயம் விட்டார்கள். மெக்சிக்க இளைஞர்கள் அதற்கு மறுதலையாகப் போனார்கள். டிக்கிக்குள் மண்மூட்டை போட்டார்கள், ஸ்பிரிங்கை வெட்டினார்கள், அக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் கட்டை வைத்து உடம்பைக் கீழே இறக்கினார்கள். பிறகு நடக்கிற வேகத்தில் தங்கட பெரிய வீதிகளில் ஊர்வலம் போனார்கள். மெக்சிக்க ஊர்களில் பின்னேரம் சனம் சதுக்கத்தைச் சுற்றி நடந்து ஆளுக்காள் முகம் பார்த்துக் கதைக்கிற வழக்கம் இருக்கிறது. அதுதான் இங்கே சில்லில் ஏறியது எண்டு பல ஆய்வாளர்கள் சொல்லுகிறார்கள். வேகமாய்ப் போனால் ஆரும் பாக்கேலாதுதானே.

காரை இறக்கினவுடன் மேலே சொன்ன கணக்கு வந்து நிண்டது. மட்காட் ரயரில் இருக்கும். அதற்கு அவர்கள் பிடித்த வழி சின்னச் சில்லு, மெல்லிய ரயர். 5.20–14 எண்ட ஒடுங்கிய வெள்ளைவரி ரயர் 1960களில் லோரைடரின் அடையாளமாகவே ஆனது, 5.20 எண்டது ரயரின் அகலம், அங்குலத்தில். நடுத்தட்டைத் திருப்பி ஒட்டி, குழிந்த பக்கம் வெளியே தெரியும்படி செய்த குரோம் றிம்களையும் போட்டார்கள். அது பார்க்க வடிவு, ஆனால் சில்லை வெளியே தள்ளும். ரயர் மெல்லிசாக இருந்தபடியால் ஓரளவு சமாளிக்கலாம். பின்மட்காட்டை மூடுகிற தகடு போட ஆசைப்பட்டவர்கள் அதுக்கும் மேலே போய்ப் பின் அக்சிலையே வெட்டி நீளத்தைக் குறைத்துப் பூட்டினார்கள். பிற்காலத்தில் 13 அங்குலக் கம்பிச் சில்லும் 155/80 ரயரும் வழக்கமாகின. கணக்குப் பாருங்கோ: 155 மில்லிமீற்றரில் 80 வீதம் 124. மேலும் கீழும் சேர்த்து 248. றிம் 330. முழு உயரம் 578 மில்லிமீற்றர், அதாவது 23 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அந்தக் காலத்து இம்பாலா கம்பனியிலிருந்து வந்த ரயரை விட ஏறத்தாழ மூன்று அங்குலம் சின்னது.

இந்த நேரத்தில்தான் சட்டம் வந்தது. 1958இல் நடைமுறைக்கு வந்த கலிபோர்னிய வாகனச் சட்டத்தின் 24008ஆம் பிரிவு சொன்னது இதுதான்: காரை மாற்றியமைத்து, சில்லைத் தவிர்ந்த எந்தப் பாகமும் றிம்மின் அடி விளிம்பை விடக் கீழே வரும்படி ஓட்டக்கூடாது.

வாசித்தால் நியாயமாகத்தான் இருக்கும். ஓடும்போது ரயர் வெடித்தால் கார் றிம்மில் இறங்கும். அப்போது உடம்பின் ஒரு பாகம் றிம்மை விடக் கீழே இருந்தால் அது றோட்டில் உரசி இழுபடும், ஸ்டியரிங் கேட்காது. ஆகவே இதில் பாதுகாப்புக் காரணம் இல்லையெண்டு சொல்ல ஏலாது. சட்டத்தில் மெக்சிக்கர் எண்ட சொல்லும் இல்லை. ஆனால் ஒரு காரைப் பார்த்தவுடனேயே மறிக்கலாம், குனிந்து அளக்கலாம், தண்டம் எழுதலாம் எண்ட அதிகாரத்தை அது பொலிசின் கையில் கொடுத்தது. பதிந்த காரை ஓட்டுகிறவர் ஆர் எண்டு பொலிசுக்குத் தெரியும்.

றொன் அகிரே எண்ட இளைஞரிடம் ஒரு கோர்வெற் கார் இருந்தது. பதிவு கூடிப்போய்ப் பொலிஸ் தண்டத்துக்கு மேல் தண்டம் எழுதியது. 1959இல் அவரும் தகப்பனும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். போர் முடிந்து விமானப்படை கழித்துவிட்ட ஹைட்ரோலிக் பம்புகள் அப்போது பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைத்தன. விமானத்தில் எண்ணெய் அழுத்தத்தால் பாகங்களை அசைத்த அதே பம்புகளைக் காரில் பூட்டி, ஸ்பிரிங் இருக்கிற இடத்தில் சிலிண்டரை வைத்தார்கள். சுவிட்சைத் தட்டினால் பம்ப் எண்ணெயைத் தள்ளும், சிலிண்டர் நீளும், கார் எழும்பும். மற்றப் பக்கம் தட்டினால் எண்ணெய் திரும்பி வரும், கார் இறங்கும். பொலிஸ் கண்ணில் பட்டால் தூக்கு; போனபிறகு இறக்கு. ‘எக்ஸ்-சொனிக்’ எண்டு பெயர்பெற்ற அந்தக் கார்தான் இண்டைக்கு வீடியோவில் துள்ளுகிற கார்களுக்கெல்லாம் மூத்தது.

மட்காட் உரசுகிற பிரச்சினையும் இதோடு தீர்ந்தது. ஓடும்போது உயர்த்தி வைத்தால் ரயருக்கு இடம் கிடைக்கும், நிற்பாட்டினபிறகு மட்காட் ரயரை மூடும் அளவுக்கு இறக்கலாம். 1958 முதல் 1964 வரை வந்த ஷெவ்ரொலே இம்பாலாக்களின் அடிச்சட்டம் எக்ஸ் வடிவில் இருந்தது. பக்கச் சட்டம் இல்லாதபடியால் இறக்குவதற்கு வசதி. அந்த மொடல்கள் இண்டைக்கும் லோரைடரின் அரசர்களாக இருப்பதற்கு அது ஒரு காரணம்.

பிறகு கழகங்கள் வந்தன. ருவெலாஸ் சகோதரர்கள் 1962இல் தொடங்கிய டியூக்ஸ், கிழக்கு லொஸ் ஏஞ்சல்ஸின் இம்பீரியல்ஸ். இம்பீரியல்ஸைச் சேர்ந்த ஜெசி வலாடெஸின் ரோஜாப்பூ வரைந்த இளஞ்சிவப்பு 1964 இம்பாலாவுக்கு ‘ஜிப்சி றோஸ்’ எண்டு பேர். ஊர்வலங்களின் நடு வீதி விற்றியர் புலவார். அந்த வீதி கார் ஓட்டத்துக்கு மட்டும் பேர்போனதில்லை. 1970 ஓகஸ்ட் 29ஆம் திகதி வியட்நாம் போருக்கு எதிராக ஆயிரக்கணக்கான சிக்கானோ மக்கள் ஊர்வலம் போனபோது பொலிஸ் கலைத்து அடித்தது. அதே வீதியில் ஒரு மதுக்கடைக்குள் இருந்த பத்திரிகையாளர் ரூபன் சலாசார், ஷெரிப் படையினர் சுட்ட கண்ணீர்ப்புகைக் குண்டு தலையில் பட்டு இறந்தார். அந்த வீதியில் சும்மா மெதுவாகக் கார் ஓட்டுவதும் ‘இது எங்கட இடம்’ எண்டு சொல்லுவதாக ஆனது. 1970களின் இறுதியில் ஷெரிப் படை வார இறுதிகளில் வீதியையே மூடியது. அடுத்த பத்தாண்டுகளில் ஊர் ஊராக ‘குரூசிங்’ தடை வந்தது. ஒரே இடத்தைக் குறித்த நேரத்துக்குள் திரும்பத் திரும்பக் கடந்தால் குற்றம்.

இந்தக் கார்களைப் பற்றி ஆர் எழுதினது எண்டதும் சொல்லவேண்டிய விசயம். 1977இல் சான் ஹோசேயில் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் சேர்ந்து ‘லோரைடர்’ சஞ்சிகையைத் தொடங்கினார்கள். எங்களை மாதிரி ஆக்கள்தான். பெரிய பத்திரிகைகளில் குற்றச்செய்தியாக மட்டும் வந்த தங்கட சனத்தைத் தாங்களே எழுதினார்கள். 2019 இறுதியில் அச்சு நிண்டது. எல்லாவற்றையும் புகழவேண்டியதில்லை. அதே சஞ்சிகை பிறகு பிகினி போட்ட பெண்ணைக் காருக்கு அலங்காரமாக நிற்பாட்டி அட்டைப்படம் போட்டே விற்றது. கார் ஓட்டின, காரைக் கட்டின பெண்களுக்கு அந்தப் பக்கங்களில் இடம் கிடைக்க நாள் பிடித்தது. ஒடுக்கப்பட்ட சமூகத்துக்குள்ளும் ஒடுக்குமுறை இருக்கும் எண்டது நாங்கள் புதிதாகப் படிக்கவேண்டிய பாடமில்லை.

முடிவு மெதுவாகத்தான் வந்தது. 2017இல் ஜிப்சி றோஸ் வொஷிங்டனில் நஷனல் மோலில் கண்ணாடிப் பெட்டிக்குள் தேசிய மரபுச் சொத்தாகக் காட்சிக்கு வைக்கப்பட்டது. அந்த நேரத்தில் கலிபோர்னியாவில் காரைப் பதிப்பது இன்னும் சட்டவிரோதம்! கழகங்கள் விடாமல் நகரசபைகளுக்கு நடந்தன. 1992இல் தடை போட்ட நஷனல் சிற்றி 2023இல் அதை எடுத்தது. அந்த வருசம் ஒக்டோபரில் ஆளுநர் கவின் நியூசம் கையெழுத்திட்ட சட்டம், 2024 ஜனவரி 1 முதல் ஊர்வலத் தடை, உயரத் தடை இரண்டையும் மாநிலம் முழுக்க நீக்கியது.

இந்த வரலாற்றை வாசிக்கும்போது எனக்குப் பட்டது ஒண்டுதான். சட்டத்தின் எழுத்து அங்குலத்தில் இருக்கும். அதை ஆரின் காருக்குக் கீழே குனிந்து அளக்கிறார்கள் எண்டதில்தான் அதன் உண்மையான அர்த்தம் இருக்கும். மறித்து இறக்கிச் சோதித்த வீதிகளில் வளர்ந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். இதுக்கு மேலே விளக்கம் தேவையில்லை. அடுத்த முறை அந்த வீடியோவில் இம்பாலா துள்ளும்போது, அது ஆடுகிறது எண்டு மட்டும் நினைக்காதேங்கோ. பொலிஸ் வருகுது, தூக்கு எண்ட சுவிட்ச் அது.